ஐந்திலிருந்து இரண்டுக்கு

திருநெல்வேலியில் மின்விசிறியின் எண் பருவத்தைப் பார்த்து மாறும். கத்திரி வெயில் தொடங்கியதும் திருகு ஐந்தில் போய் நின்றுவிடும். வெப்பம் 38 பாகையைத் தாண்டும் நாட்களில் ஐந்தும் போதாது. ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தபின் இரவில் அதே திருகை இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போர்வையைத் தேடுவோம்.

அப்படித் திருப்பும்போது சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழேயும் நடப்பது என்ன? வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேறு சிலர், எந்த எண்ணில் வைத்தாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும் என்று அடித்துச் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. வேகம் குறைவது வேறு, மின்சாரம் குறைவது வேறு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்பது, சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் எந்த வகை, கூரையில் தொங்கும் மோட்டார் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

முதலில் மோட்டாரைப் பார்ப்போம். அதற்கு ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஆற்றைக் கொண்டு பொறியைச் சுழற்றும் வேலை மின்சாரத்துக்கும் முந்தியது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தபோது, அருவியாக விழும் தண்ணீரின் விசைதான் ஆலையை ஓட்டியது. பின்னர், 1938-ல் வேலை தொடங்கி 1944-ல் உற்பத்திக்கு வந்த பாபநாசம் நீர்மின் நிலையம், அந்த விசையைக் கம்பி வழியாக ஊர்களுக்கு அனுப்பியது. இன்று அங்கே எட்டு மெகாவாட் பொறிகள் நான்கு இருக்கின்றன. மாவட்டத்தின் தென்கோடியில் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் இரண்டு இடத்துப் பொறிகளும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை: நொடிக்கு 50 சுழல், அதாவது 50 ஹெர்ட்ஸ். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இணைக்கப்பட்டபின், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தத் தாளம் ஒன்றாகிவிட்டது.

கூடங்குளத்தின் நீராவிச் சுழலி நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றுகிறது. நொடிக்கு 50 என்பது அதுதான். நம் வீட்டு விசிறிகளில் பரவலான ஒரு வகையில் 14 காந்தத் துருவங்கள் இருக்கும். இரண்டு துருவங்களுக்கு ஒரு சோடி என்று கணக்கிட்டால் ஏழு சோடி. 3000-ஐ ஏழால் வகுத்தால் சுமார் 428. விசிறியின் காயிலுக்குள் எழும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 428 முறை சுற்றுகிறது. வண்ணார்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு வீட்டில் விசிறியைப் போட்ட நொடியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தப் புலம் கூடங்குளத்துச் சுழலியோடு ஏழுக்கு ஒன்று என்ற கணக்குப் பிசகாமல் சுற்றத் தொடங்கிவிடும். அதற்கு எந்தக் கட்டளையும் தேவையில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இறக்கை மட்டும் 428 சுற்று சுற்றுவதில்லை. கூரை விசிறியில் காயில் நடுவில் அசையாமல் நிற்கும். அதைச் சுற்றியுள்ள வெளிக்கூடும் இறக்கையும் சேர்ந்து சுழலும். கூட்டின் உட்புறத்தில் அலுமினியச் சட்டங்களால் ஆன ஒரு கூண்டு இருக்கிறது. காந்தப்புலம் இந்தச் சட்டங்களைக் கடந்து ஓடும்போது அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டத்தைப் புலம் இழுக்கிறது, கூடு சுழல்கிறது. கூடும் புலத்தின் வேகத்தையே எட்டிவிட்டால் புலம் சட்டங்களைக் கடக்காது. மின்னோட்டம் இருக்காது, இழுவையும் இருக்காது. ஆகவே கூடு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். முழு வேகத்தில் அது ஏறக்குறைய 370 சுற்று. நிக்கோலா டெஸ்லாவும் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் தனித்தனியே கண்டுபிடித்து 1888-ல் உலகுக்கு அறிவித்த தூண்டல் மோட்டார் இதுதான். காயிலோடு இணைந்திருக்கும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், காயிலில் உள்ள இரண்டாவது கம்பிச்சுற்றின் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளிவிட்டு, புலம் இந்தப் பக்கம்தான் சுற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறது. விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணாச்சி, கண்டன்சர் வீக் ஆயிட்டு, மாத்திட்டா சரியாயிரும்" என்று சொல்வார்களே, அந்தக் கண்டன்சர். பெரும்பாலான நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும்.

இனி வேகத்தைக் குறைப்போம். புலத்தின் 428-ஐ நாம் தொட முடியாது. அது நாட்டின் தாளத்தோடு கட்டப்பட்டது. மிஞ்சியிருப்பது இழுவையைக் குறைப்பது. வோல்ட்டைப் பாதியாக்கினால் இழுவை நான்கில் ஒன்றாகிறது. கூடு இன்னும் பின்தங்குகிறது. எந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் குறைந்துபோன இழுவையும் சமமாகின்றனவோ அந்த வேகத்தில் விசிறி நிலைகொள்கிறது. விசிறியில் இது நடப்பதற்குக் காரணம், மெதுவாகச் சுற்றும் இறக்கைக்குக் காற்று தரும் எதிர்ப்பும் வேகமாகக் குறைவதுதான். மாவரைக்கும் கிரைண்டரில் இந்த வேலையைச் செய்தால் கல் நின்றுவிடும், காயில் எரிந்துவிடும். கோடை மாலையில் தெருவே லோ வோல்டேஜில் தவிக்கும்போது விசிறி தானாகவே மூன்றாம் எண்ணுக்கு இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

பழைய ரெகுலேட்டர் இந்த வோல்ட்டை எப்படிக் குறைத்தது? சுவிட்சுப் பலகையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பேக்கலைட் டப்பா பலருக்கு நினைவிருக்கும். பக்கவாட்டில் காற்றுத் துளைகள், நடுவில் கனத்த திருகு, ஐந்து எண்கள். உள்ளே பீங்கான்மேல் சுற்றிய மின்தடைக் கம்பி. ஐந்தில் கம்பி முழுவதும் விலக்கப்பட்டு மின்சாரம் நேராகப் போகும். ஒன்றில் கம்பி முழுவதையும் கடந்து போகும். விசிறிக்குப் போகும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர், வழியில் இருக்கும் தடை 500 ஓம் என்று வைத்துக்கொண்டால், டப்பாவில் மட்டும் 20 வாட் சூடாகிறது. வயலுக்குப் பாதித் தண்ணீர் போதும் என்பதற்காக, மடையைப் பாதி அடைக்காமல், வந்த தண்ணீரில் ஒரு பகுதியை வரப்புக்கு வெளியே கொட்டிவிடுவது போன்ற வேலை இது. இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறேழு நாளில் ஒரு யூனிட், யாருக்கும் காற்றாகாமல் சுவரைச் சுட்டுவிட்டுப் போகும். ஆனாலும் ஐந்தில் ஓடுவதைவிட மொத்த மின்னோட்டம் குறைவதால் மீட்டர் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். 'எந்த எண்ணிலும் ஒரே கரண்ட்' என்பது இந்த டப்பாவுக்குக்கூடப் பொருந்தாது.

டப்பாவைச் சிறிதாக்கியது விளக்குக்காகப் பிறந்த ஒரு கருவி. நாடக மேடைகளில் விளக்கை மங்கச் செய்யவும் வெகுகாலம் இதே மின்தடைக் கம்பிகளைத்தான் பயன்படுத்தினார்கள்; பெரிய அரங்குகளில் அந்தச் சூட்டை வெளியேற்றவே தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. 1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சுவிட்சு உருவானது. அதே நாட்டில் ஜோயல் ஸ்பைரா என்பவர் 1959-ல் சுவருக்குள் அடங்கும் சின்ன டிம்மரைச் செய்தார். 1961-ல் அதற்காகவே லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில், மின்னோட்டத்தின் இரு திசையையும் ஒன்றே கையாளும் டிரையாக் வந்தது. நம் ஊரில் விலை மலிந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக விசிறிக்கு வந்து சேர்ந்ததும் அந்த டிரையாக்தான்.

அது வோல்ட்டைச் சூடாக்கிக் கொட்டுவதில்லை, நேரத்தை வெட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டு எழுகிறது. ஒவ்வொரு எழுச்சியும் பத்து மில்லிநொடி. எழுச்சி தொடங்கியதும் டிரையாக் மூடியே இருக்கும். திருகைத் திருப்பி நாம் வைக்கும் அளவுக்கு ஏற்ப, ஒரு சிறு கண்டன்சர் மெதுவாகவோ வேகமாகவோ மின்னூட்டம் பெறும். அது சுமார் 30 வோல்ட்டை எட்டியதும் டயாக் என்ற துணைச் சுவிட்சு படீரென்று திறந்து டிரையாக்கை எழுப்பும். மின்னோட்டம் மறுபடி சுழியத்தை அடையும்வரை டிரையாக் திறந்திருக்கும். நான்கு மில்லிநொடி தாமதித்தால் அலையின் முதல் நான்கு மில்லிநொடி விசிறிக்குக் கிடைக்காது. டிரையாக்கில் ஏற்படும் இழப்பு ஒரு வாட்டுக்கும் குறைவு. தீப்பெட்டி அளவுக்குக் கருவி சுருங்கியது இதனால்தான்.

குண்டு பல்புக்கு இது அருமையான ஏற்பாடு. ஈராயிரம் பாகைக்கு மேல் கொதிக்கும் இழைக்கு, நொடிக்கு நூறு முறை விட்டுவிட்டு வரும் மின்சாரம் ஒரு பொருட்டே அல்ல. சில மில்லிநொடியில் அது ஆறிவிடாது. மோட்டார் அப்படிப்பட்டதல்ல. காயிலில் மின்னோட்டம் வோல்ட்டுக்குப் பின்னால் வரும். வோல்ட் சுழியத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறிய பிறகும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் அது சுழியமாகி டிரையாக் மூடும் கணத்தில், அதன் இரு முனைகளுக்கும் இடையே திடீரென்று பெரிய வோல்ட் வந்து நிற்கிறது. அந்த அதிர்ச்சியிலேயே டிரையாக் கேட்காமல் மறுபடி திறந்துவிடக்கூடும். அதைத் தடுக்க டிரையாக்குக்குக் குறுக்கே ஒரு மின்தடையும் கண்டன்சரும் சேர்ந்த சிறு தணிப்பி வேண்டும். விளக்குக்காக மட்டும் செய்த டிம்மரில் அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. மேல் எழுச்சியில் நான்கு மில்லிநொடியிலும், கீழ் எழுச்சியில் ஐந்து மில்லிநொடியிலும் டிரையாக் திறந்தால், இரண்டும் சமமாக இருக்காது. மிச்சமாக ஒரு நேர்மின்னோட்டம் காயிலில் தேங்கும். மாறுமின்சாரத்தைத் தன் காந்தத்தால் எதிர்க்கும் காயில், நேர்மின்சாரத்துக்கு வெறும் செப்புக் கம்பிதான். கம்பி சூடாகும், இறக்கைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. போதாததற்கு, விளக்கு டிம்மரின் திருகு ஏறக்குறைய இருட்டுவரை இறங்கும். விசிறியில் அந்த அளவுக்கு இறக்கினால் இறக்கை நின்றுவிடும், மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலைக் குளிர்விக்கக் காற்றும் இராது. விசிறிக்கென்று செய்த டிரையாக் ரெகுலேட்டர்களில் கீழ் எல்லையைச் சற்று மேலே நிறுத்தியிருப்பது இதற்காகத்தான்.

பிறகு அந்த ரீங்காரம். வெட்டுப்பட்ட அலை வழுவழுப்பாக ஏறுவதில்லை, செங்குத்தாகத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் காயிலின் இரும்புத் தகடுகள் ஒரு சிறு அடி வாங்குகின்றன. நொடிக்கு நூறு அடி. அதன்மேல் அதன் மடங்குகளான உயர் அதிர்வுகள் வேறு. பகல் சந்தடியில் காதுக்குக் கேட்காத இது, இரவில் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தபின் தலைக்கு மேலே ஊளையிடும். அதே தாவல்கள் லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ்வரை இரைச்சலை வீசுகின்றன. 1963 முதல் ஒலிபரப்பும் திருநெல்வேலி வானொலியின் மத்திய அலைவரிசை 1197 கிலோ ஹெர்ட்ஸ். ரெகுலேட்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு காயில் இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் பழைய ரேடியோவில் செய்தியோடு கரகரப்பும் சேர்ந்து வரும்.

இதே வெட்டும் உத்தியைக் கயத்தாறு, பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளிலும் பார்க்கலாம். அங்கே நிற்கும் பழைய தலைமுறைப் பொறிகள் பலவற்றில் இருப்பதும் தூண்டல் இயந்திரமே. விசிறி மோட்டார் புலத்துக்குப் பின்தங்கி ஓடுகிறது. காற்றாலையின் இயந்திரத்தைக் காற்று புலத்துக்குச் சற்று முன்னால் தள்ளுகிறது, அது மின்சாரம் தருகிறது. அதைக் கம்பியோடு இணைக்கும் கணத்தில் பெருமின்னோட்டம் பாயாமல் இருக்க, தைரிஸ்டர்களைக் கொண்டு அலையை வெட்டிவெட்டி மெல்ல இணைப்பார்கள். சில நொடிகளில் வேலை முடிந்ததும் ஒரு சுவிட்சு தைரிஸ்டர்களை விலக்கிவிடும். வெட்டுப்பட்ட அலையில் இயந்திரத்தை நாள்பூராவும் ஓட்டக் கூடாது என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். வீட்டு விசிறியில் நாம் அதை இரவு முழுவதும் செய்கிறோம்.

ரீங்காரத்துக்குத் தீர்வாக வந்தது கண்டன்சர் ரெகுலேட்டர். திருகும்போது 'டக், டக்' என்று படிப்படியாக நகருமே, அதுதான். பரவலான ஓர் அமைப்பில் 2.2, 3.3 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர்கள் இரண்டு இருக்கும். ஒன்று தனியாக, மற்றது தனியாக, இரண்டும் சேர்ந்து, கடைசியில் எதுவும் இல்லாமல் நேரடியாக. 50 ஹெர்ட்ஸில் 2.2 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் மின்னோட்டத்துக்குச் சுமார் 1450 ஓம் எதிர்ப்பைக் காட்டும். ஆனால் மின்தடைக் கம்பியைப் போல அந்த ஆற்றலைத் தின்றுவிடுவதில்லை. அலையின் ஒரு கால்பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கால்பகுதியில் திருப்பித் தருகிறது. அலையின் வடிவமும் கெடுவதில்லை. ஆகவே விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. நினைத்த வேகத்தில் நிறுத்த முடியாது, கொடுத்த படிகளுக்குள் அடங்க வேண்டும். என் கணிப்பில் அது மிகச் சிறிய விலை. நம் வீடுகளில் இன்னும் பெரும்பான்மையாக இருக்கும் சாதாரண விசிறிக்கு இதைவிட நல்ல ரெகுலேட்டர் இல்லை.

ரெகுலேட்டர் இப்படி வீணாக்காமல் இருந்தாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. இறக்கை காற்றுக்குத் தரும் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு திறன் போதும். 370-லிருந்து 185-க்கு வந்தால் மீட்டரும் எட்டில் ஒரு பங்காக இறங்க வேண்டும். ஒருபோதும் அப்படி இறங்குவதில்லை. காரணம் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. புலம் 428-ல் ஓடுகிறது, கூடு 214-ல் ஓடுகிறது என்றால், காந்த இடைவெளியைக் கடந்து கூட்டுக்கு வரும் திறனில் சரிபாதி அலுமினியக் கூண்டில் சூடாகிவிடும். மேலும் பின்தங்கினால் சூடாகும் பங்கு இன்னும் கூடும். கூண்டின் மொத்தச் சூடு உச்சத்துக்குப் போவது புலத்தின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 285 சுற்றை ஒட்டி. நாம் நெடுநேரம் ஓட்டும் நடு எண்கள் அந்த வட்டாரத்தில்தான் வருகின்றன. சுவரில் எவ்வளவு உயர்ந்த கருவியைப் பொருத்தினாலும் இந்தச் சூட்டை அதனால் குறைக்க முடியாது. புலம் நாட்டின் தாளத்தில் ஓடும்வரை மெதுவாகச் சுற்றும் விசிறி இந்தச் சுங்கத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

எனவே மாற்ற வேண்டியது புலத்தின் வேகத்தையே. பி.எல்.டி.சி விசிறி அதைத்தான் செய்கிறது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தை அது முதலில் நேர்மின்சாரமாக்கிக்கொள்கிறது. பிறகு உள்ளிருக்கும் ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு, எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்று தீர்மானித்து, தனக்கென்று ஒரு புலத்தைச் சுழற்றுகிறது. கூட்டில் அலுமினியக் கூண்டுக்குப் பதில் நிலைக்காந்தங்கள். அவை புலத்தோடு ஒட்டியே ஓடுகின்றன, பின்தங்குவதில்லை. 200 சுற்று வேண்டுமென்றால் புலமும் 200-ல் சுற்றும். சாதாரண விசிறி முழு வேகத்தில் 75 வாட் வாங்கும் இடத்தில் இது 28 முதல் 35 வாட் வாங்குகிறது. மிக மெதுவான வேகத்தில் பத்து வாட்டுக்கும் கீழே. ஆனி மாத இரவில் இரண்டில் ஓடும் விசிறிக்கு இதுதான் நியாயமான கணக்கு. கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் கட்டாயமானபின் கடைகளில் இவ்வகை வேகமாகப் பெருகியிருக்கிறது. காற்றாலைகளிலும் இதே மாற்றம்தான் நடந்தது. புதிய பொறிகள் காற்றின் வேகத்துக்கு ஏற்றபடி சுழன்று, மின்னணு மாற்றிகள் வழியாக 50 ஹெர்ட்ஸுக்குத் திரும்புகின்றன.

இதற்குமேல் சொல்ல வேண்டியது வீட்டில் செய்யும் வேலை பற்றி. பேக்கலைட் டப்பா இன்னும் சுவரில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கண்டன்சர் வகையைப் போடுங்கள். விளக்கு டிம்மரை விசிறிக்கு இணைக்காதீர்கள். விசிறி மெதுவாகச் சுற்றினால் 2.5-க்குப் பதில் 3.15 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் போட்டு வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; வேகம் கொஞ்சம் கூடும், கூடவே காயிலும் சூடாகும். விசிறியில் எழுதியிருக்கும் அளவையே போடச் சொல்லுங்கள். பி.எல்.டி.சி விசிறி வாங்கினால் பழைய ரெகுலேட்டரை அந்தச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்தில் வைத்துவிட்டால் போதும் என்று அதை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். சாரல் காலத்து இரவு ஒன்றில் வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் அதை இரண்டுக்குத் திருப்புவார்கள். வெட்டுப்பட்ட மின்சாரத்தைத் தாங்கும்படி அந்த விசிறியின் மின்னணுப் பலகை செய்யப்படவில்லை.